மூடிய கிணற்றைத் திறக்கச் சொன்னார்கள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, கருவிகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டீர்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இன்று உங்களிடம் இருக்கும் கருவிகளில் பாதியை நான் பார்த்ததுகூட இல்லை. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவை என்னைவிட நன்றாகவே சொல்லிவிடும். ஆனால் பரிசோதனை முடிவு கைக்கு வருவதற்கு முன்பே நீங்கள் ஒரு தீர்மானம் எடுத்தாகவேண்டிய நாள் வரும். முடிவு வந்தபிறகு, அது உங்களுக்கு எதிராகவே பேசுகிற நாளும் வரும். இரண்டையும் நான் ஒரே ஊரில் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இன்றும் மனை விற்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலைக்கு மேற்கே, ஓர் ஏரியை ஒட்டிய ஊர் என்பது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், நான் குடிநீர்த் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே இருந்த ஒரே கைப்பம்பின் தண்ணீர் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. எங்களோடு இருந்த மூத்த பொறியாளர் ஒருவர், நேர்மையானவர், எதையும் தள்ளிப்போடத் தெரியாதவர், அன்று காலையிலேயே போய்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். மறுவாரம் நானும் அவரும் போனோம். ஊர்ப் பெண்கள் வயலுக்கு நடுவே இருந்த குட்டையில் சேலைத் துணி போட்டு வடிகட்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். மாடு இறங்குகிற குட்டை. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.  திரும்பி வந்து அலுவலக வாசலில் இறங்கும்போது, "மாத்துத் தண்ணி வந்து நின்ன பிறகுதான் இருக்கிற தண்ணிய நிறுத்தணும். நான் படிச்ச எதுலயும் இத எழுதல" என்றார். நானும் எங்கேயும் படிக்கவில்லை. அந்தக் குட்டையைப் பார்த்ததால்தான் எனக்குத் தெரியும்.

இனி அந்த ஏரிக்கரை ஊர்.

கடற்கரைப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். மாமல்லபுரம் வரைக்கும் மணல்மேடுகளுக்கு அடியில் நல்ல தண்ணீர் நின்றது. மேடுகளை வெட்டிச் சமப்படுத்தி விடுதிகளும் பங்களாக்களும் எழுந்தன. ஆழமாகத் துளை போட்டு இறைத்தார்கள். நல்ல தண்ணீர் குறையக் குறையக் கடல் உள்ளே வந்தது. அங்கே உப்பு ஏறியதும் தண்ணீர் லாரிகள் மேற்கே திரும்பின. நாவலூரிலும் அதைச் சுற்றியும் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருந்தன. குழாய் மட்டும் வந்து சேரவில்லை. குழாய் வராத இடத்துக்கு லாரிதான் போகும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அப்படி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து புகார் வந்தது. குழந்தைகள் பலருக்கும் காவலாளிகளுக்கும் மஞ்சள் காமாலை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்னை நிலத்தடித் தொட்டியருகே கூட்டிப்போனார். அவருடைய மகளும் படுக்கையில் இருந்தாள். மனிதர் தூங்கிச் சில நாட்களாகியிருக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், எங்களுக்கு எல்லாத் தண்ணியும் ஒரே கிணத்துலேர்ந்துதான் வருது. அந்தக் கிணத்துக்கு இன்னைக்கே சீல் வைக்கணும். ஓனர் மேல கேஸ் போடணும். பணம் வாங்கிட்டு விஷத்தக் குடுத்திருக்கான்" என்றார்.

தொட்டியில் மாதிரி எடுத்துக்கொண்டு, லாரி வந்த வழியே அந்தக் கிணற்றுக்குப் போனேன்.

கிணறு ஏகாம்பரம் என்பவருடையது. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக் கால்வாயின் மேல்பகுதியை மனைப்பிரிவு போட்டவர்கள் மண்ணடித்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு நல்ல மழைக்காலத்தில்கூட ஏரி பாதிதான் நிறைந்தது. நெல் போயிற்று. கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதை லாரிக்கு விற்றார். காலையில் ஓடத் தொடங்கும் மோட்டார் பொழுது சாயும் வரை நிற்காது.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு எவன் சொன்னான்? எங்கப்பன் காலத்துலேர்ந்து இத்த தான் குடிச்சிகினு கீறோம்" என்றார் ஏகாம்பரம்.

"உங்க ஊர்ல யாருக்காவது காமாலை இருக்கா?"

"கீது. அங்கொண்ணு இங்கொண்ணு. கீழாநெல்லி அரச்சுக் குடுக்கறோம். போய்டும்."

அந்தப் பதில்தான் என்னை நிறுத்தியது. ஏகாம்பரத்தின் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே ஏரிக்கரையில், பஞ்சாயத்தின் குடிநீர்க் கிணறு இருந்தது. ஊருக்கும் காலனிக்கும் மேல்நிலைத் தொட்டி வழியாக அந்தத் தண்ணீர்தான் போனது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், ரத்தப் பரிசோதனை செய்தார்கள், புகார் எழுதினார்கள். இந்த ஊர்க்காரர்கள் கீழாநெல்லி அரைத்தார்கள். ஆகவே நோய் நாவலூரில்தான் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சுகாதார ஊழியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கண் மஞ்சளானவர்கள் ஊரிலும் இருந்தார்கள், காலனியிலும் இருந்தார்கள்.

இரண்டு கிணறுகளிலும் மாதிரி எடுத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த பரிசோதனைப் பெட்டியில் அம்மோனியா பார்த்தேன்; இருக்கக்கூடாத அளவு இருந்தது. சாக்கடை கலந்திருக்கலாம் என்று அது சொல்லும். கலந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லாது. கிருமிப் பரிசோதனைக்கு நாளாகும்.

ஏரிக்கரையில் நின்றபடி மேலதிகாரிக்குப் போன் செய்தேன். பதற்றப்படாத மனிதர், அளந்துதான் பேசுவார்.

"முடிவு வரட்டுமே. அதுக்கப்புறம் மூடினா யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார்.

"கேள்வி கேக்க மாட்டாங்க சார். ஆனா அது வரைக்கும் குடிச்சிட்டு இருப்பாங்க."



"முடிவு சுத்தம்னு வந்தா?"

"வீணா மூடினேன்னு என்னைத் திட்டுவாங்க."

"மாத்துத் தண்ணி?"

"லாரி வந்து நின்னப்புறம்தான் சார் வால்வைத் தொடுவேன்."

"சரி. உத்தரவு உங்க பேர்ல போகட்டும். கீழ என் கையெழுத்தும் இருக்கும்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு அவர் போனை வைத்திருக்கலாம். உங்களில் சிலர் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். கீழே இருப்பவர் வெயிலில் நின்று ஒரு தீர்மானம் எடுக்கும்போது, நீங்களும் கூட நிற்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தால் அவர் தயங்காமல் எடுப்பார்.

சுத்திகரித்த தண்ணீர் ஏற்றிய லாரி வந்து சேரும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அது வந்து தெருமுனையில் நின்று, முதல் குடம் நிறைந்தபிறகு, பஞ்சாயத்துக் கிணற்றின் வால்வை மூடினோம். ஏகாம்பரத்தின் மோட்டாருக்கும் முத்திரை வைத்தோம். அவர் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரியருகே காலனிப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண்ணை மற்றவர்கள் முன்னால் போகச் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "நான் இன்னா மகாராணியா, நிக்கறேன் வுடு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்திலேயே நின்றாள்.

முடிவு வந்தது. இரண்டு கிணற்றிலும் மனிதக் கழிவின் கிருமிகள். மேலதிகாரி போனில், "நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். நானும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சோதனையே. மூடி ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. காமாலை குறையவில்லை, கூடியது. முதலில் ஒரு தெருவில் இருந்தது, பிறகு எல்லாத் தெருவிலும் வந்தது. கோடை வேறு. லாரி ஒரு நாள் வரும், ஒரு நாள் நேரம் கழித்து வரும். வரிசையில் சண்டை. லாரித் தண்ணீரால்தான் காமாலை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"மூடி இன்னா ஆச்சு மேடம்? மூடறதுக்கு முன்ன நாலு பேருக்கு வந்துது. இப்ப வூட்டுக்கு வூடு கீது. கெணத்துல ஒண்ணும் இல்ல. எங்கள தான் பேஜார் பண்றீங்க" என்றார் ஒருவர். பின்னாலிருந்து பல குரல்கள் அதையே சொல்லின.

நான் விளக்கினேன். இந்தக் காமாலை குடித்த அன்றே வருவதில்லை; கிருமி உள்ளே போய் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரியும். இன்று படுத்திருப்பவர்கள் போன மாதம் குடித்தவர்கள். இன்று மூடியதன் பலன் அடுத்த மாதம்தான் தெரியும். இதைச் சொல்வது சுலபம். வீட்டில் ஒருவர் படுத்திருக்க, இன்னொருவர் வெயிலில் குடத்தோடு நிற்க, அதைக் கேட்டுக்கொண்டிருப்பது சுலபமில்லை. அவர்கள் என்னை நம்பவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில், மூடியபிறகு எடுத்த இரண்டாவது மாதிரியின் முடிவும் வந்தது. கிணற்றுத் தண்ணீர் சுத்தம்.

இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊர் திறக்கச் சொல்கிறது. லாரித் தண்ணீருக்கு இனிமேல் பணம் ஒதுக்க முடியாது என்று மேலிடம் சொல்கிறது. நோய் கூடிக்கொண்டிருப்பதால் காரணம் தண்ணீர் அல்ல என்று படித்தவர்களே பேசுகிறார்கள். போதாததற்கு என் ஆய்வகத்தின் காகிதமே அவர்கள் பக்கம் பேசுகிறது. ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லோரும் என்னை நல்லவள் என்பார்கள்.

நான் போடவில்லை. காரணம் பெரிய அறிவு ஒன்றும் இல்லை. அந்தக் கிணறு ஏன் கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை; ஏன் சரியானது என்றும் தெரியவில்லை. நமக்குத் தெரியாமல் நின்றுபோனது, நமக்குத் தெரியாமலே மறுபடி தொடங்கும். அதுவும் இல்லாமல், நம் பரிசோதனையில் தெரிகிற கிருமிகள் சீக்கிரம் செத்துவிடும். காமாலைக் கிருமி அவ்வளவு சீக்கிரம் சாகாது, நம் ஆய்வகத்தில் தெரியவும் தெரியாது. மேலதிகாரியிடம் இதைச் சொன்னேன். "எத்தனை நாள் தாங்க முடியும்னு பாக்கிறேன்" என்றார்.

கிணற்றுக்கு மேடான பக்கம் நடந்தேன். மனைப்பிரிவின் மதில் சுவர் வரத்துக் கால்வாயை ஓரிடத்தில் குறுக்கே வெட்டியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கால்வாயின் மிச்சத் துண்டு, சீமைக் கருவேல முட்களுக்கு நடுவே, நீளமான பள்ளமாகக் கிடந்தது. அடியில் மணல். காய்ந்திருந்தது, ஆனால் அந்த நாற்றம் காய்ந்தபிறகும் போகாது. பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் கனமான டயர்த் தடங்கள் வந்திருந்தன. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். தெரியாது என்றார். மனைப்பிரிவின் காவலாளியும் தெரியாது என்றார். ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது அவர்கள் சொன்ன விதத்திலேயே விளங்கியது.

ஒரு நாள் பிற்பகல் செங்கல்பட்டில் என் அலுவலகத்துக்கு ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தக் கெணத்த தொறக்கப் போறீங்களாமே" என்றான்.

"திறக்கணும்னு சொல்றாங்க."

"தொறக்காதீங்க மேடம்."

"ஏன்?"

"அந்தப் பள்ளத்துல நான்தான் கொட்னேன்."

பெயர் சாலமன். அதே ஊர்க் காலனி. அவனுடைய அப்பா ஏகாம்பரம் போன்றவர்களின் வயலில் கூலி வேலை செய்தவர். இவன் ஓட்டுநர் உரிமம் எடுத்துக் கழிவுநீர் லாரி ஓட்டினான். அவன் லாரி கழிவுநீர் ஏற்றியது வேறெங்கும் இல்லை, எனக்குப் புகார் வந்த அதே அடுக்குமாடியில்தான்.

"லோடு எத்தினா பட்டணத்துப் பக்கம் கீற பிளான்ட்டுக்குப் போவணும். அங்க போனா வண்டி லைன் கட்டி நிக்கும். ஓனரு சொன்னாரு, அத்தினி தூரம் இன்னாத்துக்கு, லேஅவுட் பின்னால பழைய கால்வா கீது, அங்க வுட்டுட்டு வந்துகினே இரு அப்டின்னாரு. தண்ணியே வராத கால்வா தானே, யாருக்கு இன்னான்னு நானும் வுட்டேன்."

"எப்ப நிறுத்தினே?"

"நீங்க கெணத்த மூடன அன்னிக்கு. பயந்துட்டேன். ஓனரு வேற எடம் காட்னாரு."

"இப்ப ஏன் வந்து சொல்றே?"

 "எஸ்தர் பெரிய ஆஸ்பத்திரில கீது மேடம். என் சம்சாரம். மாசமா கீது. கண்ணெல்லாம் மஞ்ச. நேத்துலேர்ந்து என்னயே யாருன்னு தெரியல அதுக்கு."

வரிசையில் சிரித்துக்கொண்டு நின்ற பெண் அவள்தான் என்று அடையாளம் கேட்டபோது தெரிந்தது. இந்தக் காமாலை மற்றவர்களைப் படுக்கவைத்து எழுப்பிவிடும். கர்ப்பிணிகளை அப்படி விடாது. இது எனக்குத் தெரியும். அவனுக்கும் மருத்துவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அந்த நேரத்தில் என் மேசையில் வெள்ளைத் தாள் இருந்தது, பேனா இருந்தது, எதிரில் எல்லாவற்றையும் சொல்லத் தயாராக ஒருவன் இருந்தான். மறுநாள் காலையில் கிணற்றைத் திறப்பதா என்று முடிவெடுக்கும் கூட்டம். எழுதி வாங்கியிருந்தால் என் பக்கம் உடனே வென்றிருக்கும்.

"சாலமன், இத நான் எழுதினா முதல்ல உன்னத்தான் புடிப்பாங்க. உன் ஓனரப் புடிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. உனக்கு வேலை போகும். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போ. சொல்லணும்னா காலையில வா. வரலேன்னாலும் நான் உன் பேரைச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். மேலதிகாரியிடம் போய், "சார், எனக்குக் காரணம் கிடைச்சிருச்சு. யார் சொன்னாங்கன்னு இன்னைக்குக் கேக்காதீங்க. கூட்டத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. தள்ளிப்போட்டார்.

அவனை அனுப்பியது சரியா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவன் வராமல் போயிருந்தால் ஓர் ஊரின் தண்ணீரை ஒரு மனிதனின் மனநிலையை நம்பிப் பணயம் வைத்தவள் ஆகியிருப்பேன். ஆனால் மனைவி நினைவிழந்து கிடக்கும் நேரத்தில் ஒருவன் சொல்வதை எழுதி வாங்கினால், பிறகு அவன் அதை மறுத்தாலும் தப்பில்லை, மறுக்காவிட்டாலும் நமக்கு அதில் கௌரவமில்லை என்று அன்று தோன்றியது.

காலையில் நான் போவதற்கு முன்பே அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தான். இரவில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டிருந்தது. எஸ்தருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. "எழுதிக்கோங்க மேடம்" என்றான்.

அவன் காட்டிய பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தோம். அடுக்குமாடிக்கும் போனோம். அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கச் சொந்தமாக ஒரு நிலையமே இருந்தது. மின்சாரச் செலவு அதிகமாகிறது என்று பராமரிப்பாளர்கள் அதை நிறுத்திவைத்து, கழிவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின்மேல் புறா கூடு கட்டியிருந்தது. செயலாளருக்கு அது தெரியாது. உண்மையாகவே தெரியாது. அவர் அந்த இயந்திரத்தின் எதிரில் நின்று, "எங்களோடதா? எங்களோடதேவா திரும்பி வந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.  அவருடைய மகள் தேறிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நடந்தது இதுதான். கால்வாய் திறந்திருந்த காலத்தில் மழைநீர் வந்து அந்த மணலைக் கழுவிக்கொண்டு ஏரிக்குப் போனது. மூடியபிறகு அது கழிவை நிறுத்திவைக்கும் தொட்டியாயிற்று. கீழே ஏகாம்பரத்தின் மோட்டார் நாள் முழுவதும் இறைத்து நிலத்தடி நீரைத் தன் பக்கம் இழுத்தது. மேலே ஊற்றியது கீழே வந்தது. நடுவில் இருந்த மண் எவ்வளவுதான் வடிகட்டும்?

மாவட்ட அளவில் கூட்டம் நடந்தது. ஓர் உயர் அதிகாரி, கெட்டவர் இல்லை, கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்க நினைத்தவர், "டிரைவர் ஒத்துக்கிட்டான். அதோட அறிக்கையை முடிச்சுக்கலாமே" என்றார்.

 என் மேலதிகாரி, "டிரைவர் போனா இன்னொரு டிரைவர் வருவான் சார். கால்வாய் மூடியிருக்கு. பிளான்ட் ஓடல. கிணத்துல அளவே இல்லாம இறைக்கிறாங்க. இதுல எதை விட்டுட்டு எழுதினாலும், மறுபடி இதே ரூம்ல இதே ஆளுங்க உக்காருவோம்" என்றார்.

எல்லாவற்றையும் எழுதினோம். எல்லாம் நடந்துவிடவில்லை. சாலமன் மீது வழக்கு வந்தது, வேலை போயிற்று. லாரி முதலாளியின் வண்டிகள் வேறு பெயரில் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டேன். அடுக்குமாடியின் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது. அதை அந்தச் செயலாளரே முன்னின்று செய்தார். மதில் சுவரில் ஒரு பகுதியை இடித்துக் கால்வாய்க்கு வழி விட்டார்கள். முழுவதும் விடவில்லை, மேலே வீடுகள் வந்துவிட்டன. லாரிகளுக்கு இறைப்பதை நிறுத்தினார்கள். ஏகாம்பரம் என்னைப் பார்க்க வந்தார். "கால்வாய மூடன அன்னிக்கு எந்த ஆபீசரும் வர்ல. கெணத்த மூட மட்டும் வந்துட்டீங்க. நெல்லும் இல்ல, தண்ணியும் இல்லன்னா நான் இன்னாத்த பண்றது?" என்றார்.  பதில் இல்லாத கேள்வியை உட்கார்ந்து கேட்பதும் நம் வேலையில் அடக்கம். எழுந்து போய்விடாதீர்கள்.

எஸ்தர் பிழைத்தாள். எப்படிப் பிழைத்தாள் என்று மருத்துவர்களே சொல்லத் தயங்கினார்கள்.

காமாலை மெல்லக் குறைந்து நின்றது. பள்ளத்து மண்ணை அள்ளி எடுத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க விடாமல் பரிசோதித்தோம். அதன்பிறகு பஞ்சாயத்துக் கிணற்றைத் திறக்கத் தீர்மானித்தோம். திறக்கும் நாளில் ஊர்க்காரர்கள் குடங்களோடு தெருக்குழாயருகே நின்றார்கள். ஆனால் யாரும் பிடிக்கவில்லை. ஊராட்சி அலுவலர் ஒருவர் ஒரு டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டினார். "மேடம், நீங்க எல்லார் முன்னாலயும் ஒரு வாய் குடிச்சிருங்க. ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார். போட்டோ எடுக்க ஒருவர் தயாராக நின்றார்.

நான் டம்ளரை வாங்கினேன். கூட்டத்திலிருந்து எஸ்தர் முன்னால் வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது.

"நீங்க குடிக்காதீங்க மேடம்" என்றாள். கோபம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க ஒரு வா குடிச்சிட்டு வூட்டுக்குப் போய்டுவீங்க. தெனம் நாங்க தான் குடிக்கணும். இன்னா பாத்தீங்க, இன்னா பாக்கலன்னு சொல்லுங்க. அது போதும்."

டம்ளரைக் கீழே வைத்தேன். சொன்னேன். கழிவின் கிருமிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், இல்லை. அம்மோனியா இல்லை. தொட்டியில் மருந்து கலக்கிறோம், அது குழாய்முனை வரை வருகிறதா என்று பார்த்தோம், வருகிறது. காமாலைக் கிருமியை நேராகப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் வசதி இல்லை, அதைப் பார்க்கவில்லை. மேலே வீடுகள் இருக்கின்றன. நாளைக்கு அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அலுவலர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

"அப்ப காய்ச்சிக் குடிக்கணும்" என்றாள் எஸ்தர்.

"ஆமா."

"எது வரைக்கும்?"

"மேல இருக்கிற கால்வாய நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கணும். நாங்களும் மாசாமாசம் வந்து பாப்போம். அது வரைக்கும்னு ஒரு நாளை என்னால சொல்ல முடியாதும்மா."

 அவள் குழாயைத் திறந்து குடத்தை அடியில் வைத்தாள். நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு காலனிப் பக்கம் நடந்தாள். அடுத்து நின்ற பெண் தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள்.